பவளத் தொட்டியில் கால்சியமும் காரத்தன்மையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வீட்டில் உள்ள 200 லிட்டர் பவளத் தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 470 மில்லிகிராமும் காரத்தன்மை 6.2 டி.கே.எச்.-உம் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கின்றன. இரண்டுக்கும் உரிய கரைசல்களைக் காலையில் அடுத்தடுத்து ஊற்றி வருகிறேன். ஆனாலும் காரத்தன்மை ஏறவில்லை. அலை பம்பின் உள்ளே வெள்ளையாகக் கல் போலப் படிகிறது. இன்னும் எவ்வளவு சேர்க்க வேண்டும்? – வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் ஊற்றியதில் ஒரு பகுதி பவளங்களுக்குப் போய்ச் சேராமல் பம்பில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கால்சியம் கரைசலும் காரத்தன்மைக்கான கார்பனேட் கரைசலும் நீரில் நன்கு கலந்து பரவுவதற்கு முன்பே ஒன்றையொன்று சந்தித்தால் கால்சியம் கார்பனேட்டாக இறுகிப் படிந்துவிடும். சூடான பரப்பில் அது இன்னும் எளிதாகப் படியும் என்பதால், மோட்டார் சூடு உள்ள பம்ப்தான் முதலில் வெளுக்கிறது. பம்பைக் கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கரைந்துவிடும். இனி இரண்டு கரைசல்களையும் குறைந்தது சில மணி நேர இடைவெளியில், நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள்.

எதையும் சேர்ப்பதற்கு முன் உப்புத்தன்மையைச் சரிபாருங்கள். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்குக்கு மேல் போயிருந்தால் கால்சியம் உட்பட எல்லா அளவுகளும் அதற்கேற்பக் கூடுதலாகவே தெரியும். உங்கள் 470-க்கு அதுவே காரணமாக இருக்கலாம். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரை வைத்துச் சரிசெய்யாமல், 35 அளவுள்ள நிர்ணயக் கரைசலைக் கொண்டு சரிசெய்வது நல்லது. அடுத்து மெக்னீசியத்தைப் பாருங்கள். இயற்கைக் கடல்நீரில் அது லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் உண்டு. உருவாகத் தொடங்கும் கால்சியம் கார்பனேட் படிகங்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு, அவை மேலும் வளராமல் தடுக்கிறது. அது 1,200-க்குக் கீழே இறங்கியிருந்தால், மற்ற இரண்டையும் எவ்வளவு ஊற்றினாலும் நிலைநிறுத்துவது கடினம்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், இப்போதைக்குக் கால்சியத்தை முழுவதும் நிறுத்திவிட்டுக் காரத்தன்மையை மட்டும் உயர்த்துங்கள். 200 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக 170 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். 100 லிட்டருக்கு 1 டி.கே.எச். உயர்த்த 3 கிராம் சோடியம் பைகார்பனேட் (ஆப்ப சோடா) தேவை, ஆகவே 6.2-இலிருந்து 8-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 9 கிராம் போதும். ஒரே நாளில் ஊற்றிவிடாமல், நாளொன்றுக்கு 1 டி.கே.எச்.-க்கு மேல் ஏறாதபடி இரண்டு மூன்று நாள்களில் பிரித்துச் சேர்க்க வேண்டும். 8-ஐ எட்டியதும் இரண்டு நாள் எதையும் சேர்க்காமல், அதே நேரத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். 7-க்கு இறங்கியிருந்தால் உங்கள் தொட்டியின் செலவு நாளுக்கு 0.5 டி.கே.எச். என்று பொருள், அதை ஈடுசெய்ய நாள்தோறும் சுமார் 2.5 கிராம் பைகார்பனேட் வேண்டும். கால்சியம் 430 அளவுக்கு இறங்கிய பிறகு, அந்தப் பைகார்பனேட்டுக்கு மேலதிகமாக நாளுக்குச் சுமார் 2.2 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கத் தொடங்கலாம்.

பவளங்கள் வளர வளர இந்தச் செலவும் கூடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அளந்து அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். இலக்கு 7.5-ஆ, 8.5-ஆ என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. தேர்ந்தெடுத்த எண் நாளுக்கு நாள் ஆடாமல் நிற்பதே முக்கியம். வேகமாக வளரும் என்று நம்பி 11, 12 என ஏற்றுகிறவர்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவான தொட்டிகளில் ஆக்ரோபோரா என்னும் கிளைவிடும் கடினப் பவளத்தின் நுனிகள் வெந்தது போல் வெளுப்பதைப் பார்க்க நேரிடுகிறது.

கேள்வி: காரத்தன்மை மளமளவென்று இறங்குகிறது, கால்சியமோ அசையவே இல்லை. சோதனைக் கிட் கெட்டுவிட்டதா? – வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: பெரும்பாலும் கிட் மீது குற்றமில்லை. பவளம் எலும்புக்கூட்டைக் கட்டும்போது காரத்தன்மையில் 2.8 டி.கே.எச். குறைந்தால், கால்சியத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் குறையும். காரத்தன்மை 8-இலிருந்து 5.2-க்கு வருவது மூன்றில் ஒரு பங்கை இழப்பதாகும்; அதே வேளையில் கால்சியம் 420-இலிருந்து 400-க்கு வருவது ஐந்து விழுக்காட்டைக்கூட எட்டாது. அந்த 20 மில்லிகிராம், வீட்டுச் சோதனைக் கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகக்கூடிய அளவு. ஆகவே அன்றாடக் கணக்குக்குக் காரத்தன்மையை நம்புங்கள். கால்சியத்தை மாதம் இருமுறை பார்த்தால் போதும். நைட்ரேட் கூடிக்கொண்டே போகும் தொட்டியில் அந்த மாற்றமே கால்சியத்தைத் தொடாமல் காரத்தன்மையைத் தின்னும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்: நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கூடினால் ஏறத்தாழ 2.3 டி.கே.எச். குறையும்.

அளக்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. சிரிஞ்சில் மருந்தை இழுத்த பின் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் இடையில் காற்று நிற்கும். அளவைப் படிக்க வேண்டியது பிஸ்டனின் விளிம்பில், திரவத்தின் விளிம்பில் அல்ல. நிறம் மாறத் தொடங்கியதும் நிறுத்திவிடாமல், குப்பிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொட்டுக்கு நிறம் மேலும் மாறாத நிலை வரும் வரை தொடருங்கள்.

கேள்வி: வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் ஆப்ப சோடாவையும் தொட்டிக்குப் பயன்படுத்தலாமா? கடற்கரையில் கிடைக்கும் பவளக் கற்களை வைக்கலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட்தான், வேறு எதுவும் கலக்காதது என்று பொட்டலத்தில் பார்த்து வாங்கினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேக்கிங் பவுடரை மட்டும் தொடாதீர்கள். அதில் அமிலப் பொருள்களும், பல வகைகளில் பாஸ்பேட்டும் சேர்ந்திருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் கால்சியம் ஹைட்ராக்சைடுதான் என்றாலும், சுட்ட சிப்பியோ கல்லோ எதிலிருந்து வந்தது, வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. ஆகவே உணவுத் தரத்திலோ ஆய்வகத் தரத்திலோ விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடையே வாங்குங்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே கரையும். மூடிய பாத்திரத்தில் ஆர்.ஓ. நீரில் கலக்கி, அடியில் வண்டல் தங்கிய பின் மேலே நிற்கும் தெளிவை மட்டும், ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 170 லிட்டர் நீருக்கு நாளுக்கு 2 லிட்டர் தெளிவு விட்டால் காரத்தன்மை சுமார் 1.3 டி.கே.எச். கிடைக்கும், கால்சியமும் அதற்குரிய விகிதத்திலேயே சேரும். அதன் பி.எச். 12-க்கு மேல் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம்; ஒரேயடியாக ஊற்றினால் மீன்கள் இறந்துவிடும்.

பவளக் கற்களை எடுக்காதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவில் அடங்கும். இறந்த துண்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பீங்கான் போன்ற செயற்கைப் பாறைகள் சந்தையில் கிடைக்கின்றன. நுண்ணுயிர்கள் அவற்றிலும் குடியேறும்.

கேள்வி: காலையில் பி.எச். 7.8-தான் இருக்கிறது. காரத்தன்மையைக் கூட்டினால் சரியாகுமா? – வாசகர், பெங்களூரு

பதில்: காரத்தன்மை ஏற்கெனவே 8, 9 இருந்தால் கூட்ட வேண்டாம். இரவில் பாசியின் ஒளிச்சேர்க்கை நின்றுபோவதாலும், கதவு அடைத்த அறையில் மனிதர் விடும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைவதாலும் பி.எச். இறங்குவது வழக்கம். ஒரு லோட்டா தொட்டி நீரை எடுத்து, மொட்டை மாடியில் காற்றுக் கருவி கொண்டு ஒரு மணி நேரம் குமிழவிட்டு அளந்து பாருங்கள், பி.எச். ஏறினால் சிக்கல் அறைக் காற்றில் இருக்கிறது. அப்படியானால் புரோட்டீன் ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழ்களால் கழிவை நீக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டாலே பெரும்பாலும் போதும்.