பிடித்த நாவலாசிரியர் கதைக்குள் தம் அரசியலைப் பேசும்போது வரும் எரிச்சல் நியாயமானதா?

பல ஆண்டுகளாக விரும்பிப் படித்துவரும் நாவலாசிரியர் ஒருவர் அண்மைக்கால நூல்களில் தம்முடைய அரசியல் கருத்துகளை வெளிப்படையாகப் புகுத்துகிறார் என்றும், அதனால் கதையில் ஒன்ற முடியவில்லை என்றும் சொல்லும் நீங்கள், இந்த எரிச்சல் நியாயமானதா, அவரைப் படிப்பதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எரிச்சல் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் நாவலில் அரசியல் இருப்பதுதான் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.

இந்த மனக்குறை நெடுநாளாக இருந்துவருவது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தெந்தால் 1830இல் வெளியிட்ட ‘சிவப்பும் கருப்பும்’ நாவலில், இரகசியக் கூட்டம் ஒன்றில் அரசியல் விவாதம் சூடுபிடிக்கும் இடத்தில், ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு அடைப்புக்குறிக்குள் தாமே பேசத் தொடங்குகிறார். இந்தப் பக்கத்தை வெறும் புள்ளிகளால் நிரப்பிவிடலாம் என்றிருந்தேன் என்கிறார். கற்பனைக்கு நடுவே அரசியல் நுழைவது இசைக் கச்சேரியின் நடுவே துப்பாக்கி வெடிப்பதைப் போன்றது என்றும், அந்த ஓசை எந்த வாத்தியத்தோடும் இசையாது என்றும், வாசகர்களில் ஒரு பாதியை அது கடுமையாகப் புண்படுத்தும், இதையே காலைச் செய்தித்தாளில் இன்னும் வீரியமாகப் படித்துவிட்ட மறுபாதிக்குச் சலிப்பூட்டும் என்றும் அஞ்சுகிறார். அதற்குப் பதிப்பாளர் சொல்வதாக அங்கேயே ஒரு மறுமொழி வருகிறது: உங்கள் பாத்திரங்கள் அரசியல் பேசாவிட்டால் அவர்கள் 1830ஆம் ஆண்டின் பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்க மாட்டார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். பதிப்பாளர் பேசச் சொல்வது பாத்திரங்களை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்முடைய எரிச்சலைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் அதில்தான் இருக்கிறது.

நான் விடாமல் வாசித்துவந்த துப்பறியும் தொடர் ஒன்றின் நாயகர் அதிகம் பேசாதவர். கேள்வி கேட்டுவிட்டு எதிரில் இருப்பவர் மௌனத்தைக் கலைக்கும்வரை காத்திருப்பதே அவருடைய வழக்கம். அவருக்குக் கீழ் பணியாற்றும் இளம் பெண் அதிகாரி, அவர் சொல்வதையெல்லாம் குறுக்குக் கேள்வியால் மடக்கிக்கொண்டே இருப்பார். தொடரின் பிற்கால நூல் ஒன்றில், மகனைப் பறிகொடுத்த தாய் பக்கத்து அறையில் காத்திருக்கும்போது, இந்த மனிதர் குடியேற்றக் கொள்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இடைவிடாமல் பேசுகிறார். அவர் சொன்ன கருத்தில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண் அதிகாரி ஒரு சொல்லும் குறுக்கிடாமல் தலையாட்டிக்கொண்டிருந்ததுதான் என்னை உறுத்தியது. இத்தனை நூல்களாக நான் பழகிய இரண்டு மனிதர்கள் அந்த ஒன்றரைப் பக்கத்தில் அங்கே இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

வாசகர்கள் இதைப் பிரச்சாரம் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஒரே நாவலுக்குள் அரசியல் கதையாக மாறியிருக்கும் இடத்தையும் வெறும் பிரச்சாரமாகவே நின்றுவிட்ட இடத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு, அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் 1906இல் வெளியிட்ட ‘தி ஜங்கிள்’ நாவலைப் பரிந்துரைப்பேன். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் உழைக்க லித்துவேனியாவிலிருந்து வந்த குடும்பத்தின் கதை அது. அந்தக் குடும்பம் தவணைமுறையில் ஒரு வீடு வாங்குகிறது. புது வீடு என்று சொல்லி விற்கப்பட்டது உண்மையில் புதிதாக வண்ணம் பூசப்பட்ட பழைய வீடு என்பதை அக்கம்பக்கத்துக் கிழவி ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்கிறாள். அதே பேச்சில் வட்டியைப் பற்றியும் சொல்கிறாள். வட்டியா, மாதம் 12 டாலர்தானே கட்ட வேண்டும் என்று அவர்கள் திகைக்கிறார்கள். தவணைக்கு மேல் வட்டியும் உண்டு என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர்களுக்குத்தான் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. இந்தக் காட்சியில் முதலாளித்துவத்தைப் பற்றி உரையாற்றத் தேவையே இல்லை. அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து நமக்கும் வயிறு கலங்குகிறது. நாயகன் யுர்கிஸின் சின்னஞ்சிறு மகன், வடிகால் இல்லாத தெருவில் தேங்கிய நீரில் மூழ்கி இறந்துபோகிறான். நகராட்சியையும் அரசியலையும் பற்றி ஆசிரியர் சொல்ல நினைத்தது முழுவதும் அந்தத் தெருத் தண்ணீரிலேயே அடங்கிவிடுகிறது.

அதே நூலின் கடைசி அத்தியாயங்களில் யுர்கிஸ் சோசலிசக் கூட்டங்களுக்குப் போகிறான். இறுதி அத்தியாயத்தில் கற்றறிந்தவர்கள் பக்கம் பக்கமாக விவாதிக்க, இவ்வளவு துன்பங்களையும் கடந்துவந்த அந்த மனிதன் ஏறக்குறைய வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியரின் கொள்கை தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றுதான். மாறியதெல்லாம் யுர்கிஸுக்குக் கதையில் இருந்த இடம். வாசகர்களை உலுக்கியதும் இறைச்சிக் கூடக் காட்சிகள்தாம். நூல் வெளியான அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் இறைச்சி ஆய்வுச் சட்டம் நிறைவேறியதற்கு அவை எழுப்பிய கொதிப்பு ஒரு முக்கியக் காரணம். கடைசி அத்தியாயச் சொற்பொழிவுகள் அப்படி யாரையும் அசைத்ததாகத் தெரியவில்லை.

மாபெரும் கலைஞர்களும் இதற்கு விலக்கில்லை. தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலைப் படித்த பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளொபேர், 1880இல் ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவுக்கு எழுதிய கடிதத்தில் மனம் திறந்து பாராட்டிவிட்டு, பிற்பகுதியில் தல்ஸ்தோய் சொன்னதையே சொல்கிறார், தத்துவம் பேசுகிறார் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் 1873ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தல்ஸ்தோய் அந்த வரலாற்றுத் தத்துவப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்துப் பின்னிணைப்பாக வைத்துப் பார்த்திருந்தார். நீங்கள் உணர்வதைத் தல்ஸ்தோயும் ஒரு கட்டத்தில் உணர்ந்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாகவே இருக்கிறது. இது இடதுசாரிகளுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைப்பவர்கள், முதலாளித்துவத்தைத் தீவிரமாக ஆதரித்த அயன் ராண்ட் 1957இல் வெளியிட்ட ‘அட்லஸ் ஷ்ரக்டு’ நாவலில் பல பத்துப் பக்கங்களுக்கு நீளும் வானொலி உரையைப் புரட்டிப் பார்க்கலாம்.

இதுவரை ஆசிரியர் தரப்புக் குறையைச் சொன்னேன். வாசகர் தரப்பிலும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் நேர்மையாக இராது. நமக்கு உடன்பாடான அரசியல் நமக்கு அரசியலாகவே தெரிவதில்லை. இயல்பான உலகமாகத் தெரிகிறது. கலைக்கும் அரசியலுக்கும் தொடர்பு கூடாது என்ற கருத்தே ஓர் அரசியல் நிலைப்பாடுதான் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதினார். ஆகவே உங்களை எரிச்சலூட்டிய பத்தியை எடுத்து, அதிலுள்ள கருத்தை மட்டும் நீங்கள் ஏற்கும் கருத்தாக மாற்றி, அதே இடத்தில், அதே நீளத்தில் கற்பனை செய்து பாருங்கள். அப்போதும் உறுத்தினால் குறை எழுத்தில் இருக்கிறது. உறுத்தல் மறைந்துவிட்டால், உங்களுக்கு ஆசிரியரோடு இருப்பது கருத்து வேறுபாடு. அதுவும் மதிப்புக்குரியதுதான், ஆனால் அதைக் கலைக் குறையாகச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி.

எரிச்சல் எதிர்த்தரப்பு வாசகர்களிடமிருந்து மட்டுமே வரும் என்பதும் இல்லை. கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அந்த நாவலைக் கடுமையாக எதிர்த்தவர்களில் இடதுசாரிகள் முக்கியமானவர்கள். கூலி விவசாயிகளின் போராட்டத்தைச் சொல்ல வந்த நாவல், நிலக்கிழாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக முன்னிறுத்தி வர்க்கப் பிரச்சினையைத் திசைதிருப்பிவிட்டது என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். அரசியல் வேண்டும் என்று கேட்கும் வாசகரும், தமக்குத் தெரிந்த வடிவில் அது வராதபோது ஏமாற்றம் அடைகிறார் என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

அரசியலைக் கதைக்குள் கொண்டுவரும் எழுத்தாளரிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. தாம் வெறுக்கும் தரப்பின் ஆளுக்கும் அவனுடைய மிகச் சிறந்த வாதத்தைக் கொடுக்க வேண்டும். தாம் விரும்பும் கருத்தைப் பேசும் பாத்திரம் அதற்காக எதையாவது இழக்கவோ சங்கடப்படவோ வேண்டும். பிரச்சினையைத் தீர்ப்பதும் பிரச்சினையைச் சரியாக முன்வைப்பதும் வேறு வேறு, இரண்டாவதே கலைஞனின் கடமை என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1888இல் தம் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதினார். அந்த அளவுகோலை விடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

இன்றைய வாசகருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. நாவல் கைக்கு வருவதற்கு முன்பே எழுத்தாளரின் தேர்தல் நிலைப்பாடு, அறிக்கைகள், சமூக ஊடகச் சண்டைகள் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அதன்பின் ஒரு பாத்திரம் மழையைப் பற்றிப் பேசினாலும் அதற்குள் எதையோ தேடுகிறோம். உங்கள் எழுத்தாளரைப் பற்றிய முடிவுக்கு வருமுன், அவருடைய பேட்டிகளையும் பதிவுகளையும் சில மாதங்கள் ஒதுக்கிவைத்துவிட்டு நூலை மட்டும் மீண்டும் ஒருமுறை படிப்பது நல்லது.

படிப்பதை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் விடை: ஒரு நூலுக்காக விட வேண்டாம். தொடர்ந்து இரண்டு மூன்று நூல்களில் பாத்திரங்கள் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிட்டால் தயங்காமல் விடலாம். வாசகருக்கு எந்தக் கடனும் இல்லை, பழைய நூல்கள் அலமாரியில் அப்படியேதான் இருக்கும். விடுவதற்கு முன் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரசியலை நிறுத்துங்கள் என்று எழுதினால் வாசகர் தம்மை அடக்கப் பார்க்கிறார் என்றுதான் எந்த எழுத்தாளருக்கும் தோன்றும். இன்ன பக்கத்தில் இன்ன பாத்திரம் பேசுவது அவருடைய பேச்சாக இல்லை, எதிரில் இருப்பவர் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று பக்க எண்ணோடு குறிப்பிட்டுக் கேளுங்கள்.