கேமராவை மாற்றினால் கண் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 54. மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். 20 வருடமாக ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை) படம் எடுக்கிறேன். ஞாயிறு விடிகாலையில் சசூன் டாக் பக்கம் போய்விடுவேன். ஒரு வருடமாக, நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களையும் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. ஓரத்தில் நிழல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டே நிற்கிறது. நண்பர் தந்த எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் கேமராவை (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் குட்டித் திரை இருக்கும் வகை) இரண்டு வாரம் பயன்படுத்தினேன். கண் எரிச்சலும் தலைவலியும்தான் மிச்சம். அந்தக் குட்டித் திரை கண்ணைக் கெடுத்துவிடுமா? புரோகிரஸிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் பவர் உள்ளது) போடுகிறேன். 6 வருடமாகச் சர்க்கரை உண்டு.

பதில்: கெடுக்காது. திரை கண்ணுக்கு ஒட்டி இருந்தாலும், இடையில் உள்ள லென்ஸ் அதன் பிம்பத்தைத் தள்ளி வைத்துத்தான் காட்டுகிறது. எரிச்சலுக்குக் காரணம், உற்றுப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுவது. தலைவலிக்கு, டயாப்டர் குமிழ் (பார்ப்பவரின் கண் பவருக்கு ஏற்ப வியூஃபைண்டரைத் தெளிவாக்குவது) உங்கள் நண்பரின் கண்ணுக்கு வைத்தபடியே இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். குமிழை முழுக்க பிளஸ் பக்கம் திருப்பி, அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வாருங்கள். வியூஃபைண்டருக்குள் தெரியும் எண்கள் முதலில் எங்கே தெளிகின்றனவோ அங்கேயே நிறுத்துங்கள். மறு கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்கவைத்தது அந்த நிழல்தான்.

எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் நம் கண்ணிடம் ‘தெளிவாக இருக்கிறதா?’ என்று கேட்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேட்பது ‘இரண்டு கோடும் சேர்ந்துவிட்டனவா?’ என்று. இந்த இரண்டாவது வேலையில் மனிதக் கண் அசகாய சூரன். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியும் எழுத்தின் நுணுக்கம் ஏறக்குறைய 60 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரி கோணத்தில் 3600-ல் ஒரு பங்கு). ஒரு கோடு இன்னொன்றிலிருந்து விலகியிருப்பதையோ 10 ஆர்க் செகண்டுக்குள்ளேயே கண்டுபிடித்துவிடுவோம். பார்வை கொஞ்சம் மங்கினாலும் இந்தத் திறமை சட்டென்று போய்விடாது. அதனால் 54 வயது சாளேஸ்வரத்தின் (வயதானால் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாத குறை) மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை.

முதலில் கேமராவை வீட்டுப் பிள்ளைகள் யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கும் கட்டம் மங்கலாகத் தெரிந்தாலோ, பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகி நின்றாலோ, அது கேமரா மெக்கானிக் பார்க்க வேண்டிய கேஸ். அவர்களுக்குச் சரியாகத் தெரிந்தால், மாட்டுங்கா ஸ்டேஷனில் கண்ணாடியோடு நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்து இண்டிகேட்டரைப் பாருங்கள். ஒற்றைக் கண்ணிலேயே எழுத்து இரட்டையாகவோ நிழலோடோ தெரிகிறதா? அட்டையில் ஊசியால் துளை போட்டு அதன் வழியே பார்த்தால் நிழல் மறைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சரியாகத் திருத்தப்படாத சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மேட்டிசம் எனும் பார்வைக் குறை), அல்லது தொடக்கநிலைக் கண்புரை. இரண்டுக்கும் வழி இருக்கிறது. கேமராவை விற்க வேண்டியதில்லை.

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸின் பவரும் மாறும். எனவே சர்க்கரை அளவு சில வாரம் சீராக இருந்த பிறகே புதுக் கண்ணாடிக்கு அளவெடுங்கள். கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கும் சோதனை உங்களுக்கு வருடா வருடம் கட்டாயம். அதற்காகச் சொட்டு மருந்து விட்ட அன்று வெயிலும் வண்டியும் வேண்டாம், படமும் எடுக்க முடியாது.

புரோகிரஸிவ் கண்ணாடியோடு வியூஃபைண்டரைப் பார்ப்பவர்கள் தலையைச் சாய்த்து, தெரியாமலே கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துவிடுகிறார்கள். படம் எடுக்க மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் பகுதியில்) திருகும் திருத்த லென்ஸும் கிடைக்கிறது, ஆனால் அது சிலிண்டரைத் திருத்தாது. வாங்குவதானால் தூரப் பவரை வைத்துக் கணக்கிடுங்கள், படிக்கும் பவரை அல்ல. லைக்கா எம் வகையில் வியூஃபைண்டரே மைனஸ் 0.5 பவரில் அமைக்கப்பட்டிருக்கும், கடைக்காரரிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கட்டிட ஓரங்கள் வளைந்து தெரிந்தாலோ, திடீரென்று மின்னல் வெட்டுப் போலவோ கரும்புள்ளிக் கூட்டம் போலவோ திரை இறங்குவது போலவோ தெரிந்தாலோ, ஞாயிறு என்று பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.