மின்வெட்டும் கிணற்று நீரும்: மீன் தொட்டி பற்றி வாசகர் கேள்விகள்

கண்ணாடித் தொட்டியில் நன்னீர் மீன்களும் நீர்ச்செடிகளும் வளர்ப்பது பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். அதற்கு யாங்கூனிலிருந்தும், தட்டோனிலிருந்தும், ஷான் மலைப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியை வாங்கி, அன்றைக்கே தண்ணீர் நிரப்பிப் பத்துத் தங்க மீன்களை விட்டேன். நான்காம் நாள் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்துவிட்டது. குடிநீரைத் தெளிய வைக்க அம்மா பயன்படுத்தும் படிகாரத்தில் சிறிது கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலையில் ஆறு மீன்கள் செத்து மிதந்தன. படிகாரம்தான் கொன்றதா?
— ஒரு வாசகி, தாம்வே, யாங்கூன்

பதில்: படிகாரத்துக்கும் அதில் பங்கு உண்டு, சகோதரி, ஆனால் மீன்களை விட்ட முதல் நாளே கேடு தொடங்கிவிட்டது. உங்கள் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போட்ட பிறகு 45 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். மீன்கள் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாத தீனியும் கழிவும் அழுகி அதைக் கூட்டுகின்றன. அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்து மீன்களின் கழிவை முதல் நாளிலிருந்தே ஏற்றுக்கொள்ள அங்கே எதுவும் உருவாகியிருக்கவில்லை.

தண்ணீரை வெளுக்க வைத்தவை வேறு வகை நுண்ணுயிர்கள். மிச்சத் தீனியைத் தின்று அவை திடீரெனப் பெருகும். உணவு குறைந்தால் சில நாட்களில் தாமாகவே அடங்கும். படிகாரமும் நம் பாட்டிமார் குடத்தின் உட்புறத்தில் உரைத்த தேத்தாங்கொட்டையும் நீரில் மிதக்கும் மண் துகளை ஒன்று சேர்த்து அடியில் படிய வைப்பவை. ஆற்று நீருக்கு அது அருமையான வழிதான். ஆனால் படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று, நீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவைக் கீழே இறக்கும். அமிலமான நீரில் படிகாரத்திலிருந்து கரையும் அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கி மூச்சைத் திணறச் செய்யும்.

இப்போது நீங்கள் ஒரு தவறு செய்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பி.எச். குறைந்த நீரில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சற்ற வடிவில் இருக்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போய்விடும். பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை ஒரே தடவையில் இறைத்துவிட்டுக் காரமான புது நீரை ஊற்றினீர்கள் என்றால், படிகாரத்துக்குத் தப்பிய நான்கு மீன்களும் நஞ்சாக மாறும் அம்மோனியாவுக்குப் பலியாகலாம். ஆகவே காலையில் பத்தில் ஒரு பங்கும் மாலையில் பத்தில் ஒரு பங்குமாக ஒரு வாரம் மாற்றுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி போதும். தெரிந்தவர் வீட்டில் பழைய தொட்டி இருந்தால், அதில் ஊறிய பஞ்சுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். ஆறு வார வேலை பெருமளவு குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை மருந்து காட்டும் வரை புது மீன் வாங்க வேண்டாம்.

தங்க மீன் ஒரு சாணுக்கும் மேல் வளரக்கூடியது. இரண்டடித் தொட்டி அதற்குரிய வீடு அன்று. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மிஞ்சிய நான்கும் தேறிய பிறகு, சிமெண்டுத் தொட்டியோ குளமோ வைத்திருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் எட்டு மணி நேரம் வரை மின்சாரம் இருப்பதில்லை. தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி வைத்திருக்கிறேன். நடு இரவில் மின்சாரம் வந்து மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகுதான் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மின்சாரம் இல்லாதபோது நன்றாக இருந்தவை, வந்த பிறகு ஏன் தவிக்கின்றன?
— ஒரு வாசகர், இன்சேன்

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள், ஐயா. மூடிய பெட்டிக்குள் நீரோட்டம் நின்றவுடன், அங்கே நெருக்கமாக வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய உயிர்வளியைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு, தாமும் சாகத் தொடங்குகின்றன. மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் முழுவதையும் மோட்டார் தொட்டிக்குள் தள்ளுகிறது. மின்சாரம் நின்றவுடன் வடிகட்டியின் இணைப்பைக் கழற்றிவிடும் பழக்கத்தை வீட்டிலுள்ள அனைவரும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், பெட்டிக்குள் இருக்கும் நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகு ஓட விடுங்கள். குழாய் நீரில் அலச வேண்டாம். அதில் குளோரின் இருந்தால் எஞ்சிய நுண்ணுயிர்களும் போய்விடும்.

இதைவிட எளிய வழி, அந்த வடிகட்டியையே விட்டுவிட்டு, காற்றுக் குழாயால் இயங்கும் பஞ்சு வடிகட்டிக்கு மாறுவது. விலை குறைவு. பஞ்சு தொட்டி நீருக்குள்ளேயே திறந்து கிடப்பதால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் நெடுநேரம் தாங்கும். பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டாரே அதற்குப் போதும். காற்று மோட்டாரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி மோட்டாரைக் கெடுப்பதோடு தரையையும் நனைக்கும். மேலே வைக்க இடமில்லாவிட்டால் குழாயின் நடுவே ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்துங்கள்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தொட்டால் அது 7.5 ஆகக் குறையும், அதே வேளையில் மீனின் தேவையோ கூடும். செடிகள் பகலில் உயிர்வளியைத் தருகின்றன என்பது உண்மையானாலும், இருட்டிய பிறகு அவையும் அதைச் செலவழிப்பவையே. செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலைதான் ஆபத்தான நேரம். மிதக்கும் செடிகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மின்வெட்டுக்கு முன் தீனி போடாதீர்கள்; மீன் மேலே வந்து வாய் பிளந்தால் குவளையில் தொட்டி நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள். நல்ல மீன் இரண்டு மூன்று நாள் தீனியின்றி இருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

எட்டு மணி நேர மின்வெட்டு உள்ள வீட்டில் எந்த மோட்டாரை வாங்குவது என்பதைவிட, எந்த மீனை வாங்குவது என்பதையே நான் முதலில் யோசிப்பேன். நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடும் உறுப்பு உடைய மீன்கள் உள்ளன. பெட்டா அவற்றில் ஒன்று. ஆனால் இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் சண்டையிட்டே மடியும். ஐராவதி ஆற்றுப் படுகைக்கே உரிய தடித்த உதட்டுக் கவுராமி இன்னொன்று. ஆரஞ்சு நிறத்தில் நீலப் பட்டைகளுடன், விரல் நீளத்துக்கு வளரும் சாதுவான மீன் அது. நம் ஊர் வெயிலும் தேங்கிய நீரும் அதற்குப் பழக்கமானவை.

கேள்வி: ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் மணலில் ஊன்றிய இரண்டே வாரத்தில் அழுகிவிட்டன. உரம் போதவில்லையா?
— ஒரு வாசகி, பெகு

பதில்: உரக் குறை இல்லை. இவ்விரண்டுக்கும் கிடையாக ஓடும் தடித்த தண்டை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது; புதைத்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ வைத்துப் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள், வேர் தானே பற்றிக்கொள்ளும். விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரித்தால் போதும். அதற்கு மேல் எரித்தால் பாசிதான் செழிக்கும்.

கேள்வி: எங்கள் குழாய்க் கிணற்று நீர் இறைக்கும்போது கண்ணாடி போல இருக்கிறது; ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றலாமா?
— ஒரு வாசகர், தட்டோன்

பதில்: அந்தப் பழுப்பு நிறம் இரும்பு. நிலத்தடியில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. தொட்டிக்குள் ஊற்றிய பிறகு அது படிந்தால் மீனின் செவுளிலும் படியும். அதோடு, ஆழத்திலிருந்து வரும் நீரில் உயிர்வளி மிகக் குறைவு, கரியமில வாயு மிகுதி. ஆகவே அதை வாய் அகன்ற பீப்பாயில் ஊற்றி, காற்றுக் குழாயை விட்டு ஒரு நாள் முழுவதும் கொப்பளிக்க வையுங்கள். பிறகு ஒரு நாள் அசையாமல் வைத்து, மேல் நீரை மட்டும் துணியில் வடித்துப் பயன்படுத்துங்கள்.

உங்கள் மோன் மாநிலத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழைநீர் தனியாக மீனுக்கு ஏற்றதன்று. அதில் தாது உப்பு ஏறக்குறைய இல்லாததால் பி.எச். அளவைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இராது. சிறிது கழிவு சேர்ந்தாலும் சட்டென்று சரியும். தெளிந்த கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் குறையும் தணியும். எந்தக் கூரையிலிருந்து பிடிக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். துத்தநாகம் பூசிய தகரக் கூரையில் வழியும் நீரில் துத்தநாகம் கரைந்து வரும். தாது குறைந்த நீரில் மீனுக்கு அது கொடிய நஞ்சு. ஆதலால் அரை மணி நேரம் மழை பெய்து தூசி அடங்கிய பிறகு, திறந்த வெளியில் அகன்ற பாத்திரத்தை வைத்து நேரடியாகப் பிடியுங்கள்.

கேள்வி: தவுஞ்சியில் இருக்கும் என் மாமா, அங்குள்ள குளங்களில் பிடித்த கேலக்ஸி ரஸ்போரா மீன்களை அடுத்த மாதம் பேருந்தில் கொண்டு வருவதாகச் சொல்கிறார். யாங்கூனில் பிழைக்குமா?
— ஒரு மாணவர், யாங்கூன்

பதில்: உலகெங்கும் மீன் வளர்ப்போர் தேடும் மீன் நம் நாட்டினது என்பதில் எனக்கும் பெருமை உண்டு, தம்பி. தவுஞ்சிக்குக் கிழக்கே ஹோபோன் அருகே, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள ஆழமற்ற, செடி அடர்ந்த குட்டைகளில் 2006-ஆம் ஆண்டில் அது கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மீனியல் அறிஞர் டைசன் ராபர்ட்ஸ் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இன்று அதன் அறிவியல் பெயர் டேனியோ மார்கரிட்டேட்டஸ். கருநீல உடலில் முத்துப் புள்ளிகள், சிவந்த துடுப்புகள். நீளமோ ஓர் அங்குலத்துக்கும் குறைவு. கண்டெடுத்த சில மாதங்களிலேயே வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. பின்னர் வேறு சில இடங்களிலும் அது இருப்பது தெரிய வந்தது.

மாமாவின் அன்பைத் தட்டிக் கழிக்கச் சொல்வதற்குத் தயக்கமாக இருந்தாலும், குளத்திலிருந்து பிடித்து வர வேண்டாம் என்பதே என் கருத்து. மலைக் குட்டையின் குளிர்ந்த நீரில் வாழ்ந்த மீனை ஓர் இரவுப் பேருந்துப் பயணத்துக்குப் பின் யாங்கூன் வெப்பத்தில் விட்டால், பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே போய்விடக்கூடும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த குஞ்சுகள் கடைகளில் கிடைத்தால் அவற்றை வாங்குங்கள். இந்த மீன் ஜாவா பாசி என்னும் நீர்ச்செடியில் முட்டையிட்டு எளிதாகவே பெருகும். ஆனால் பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால் பாசியைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். எட்டுப் பத்தாகக் கூட்டமாக வையுங்கள். ஆண்கள் ஒன்றையொன்று விரட்டும்போது ஒளிந்துகொள்ளச் செடிகள் நெருக்கமாக இருக்கட்டும். நீர் 26 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வசதி வீட்டில் இல்லையென்றால் இந்த ஆசையைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.

இன்லே ஏரிக்கே உரிய சவ்புவா மீனுக்கும் இதே விதி பொருந்தும். ஷான் சிற்றரசர்களின் பட்டப் பெயரைத் தாங்கிய, உடலில் செதிலே இல்லாத அந்தச் செம்மூக்கு மீனை விலங்கியல் அறிஞர் அனண்டேல் 1918-இல் விவரித்தார். ஏரியின் நீர் காரத்தன்மையும் கடினத்தன்மையும் உடையது. வெறும் மழைநீரில் வளர்த்தால் அது நலிந்துபோகும்.

கேள்வி: தொட்டியில் செடிகள் மிதமிஞ்சி வளர்ந்துவிட்டன. வெட்டியெடுத்தவற்றையும், பெரிதாகிவிட்ட உறிஞ்சுவாய் மீனையும் அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடலாமா? உயிரைக் கொல்ல மனம் வரவில்லை.
— ஒரு வாசகி, தாக்கேட்டா

பதில்: உங்கள் மனம் புரிகிறது, ஆயினும் ஓடையில் விடவே கூடாது. பர்மியர் பேடா என்றும் நாம் ஆகாயத் தாமரை என்றும் அழைக்கும் செடி தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பரவியதுதான். அதைக் கட்டுப்படுத்த 1917-லேயே பர்மாவில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்லேயின் மிதக்கும் தக்காளித் தோட்டங்களுக்கு அது பயன்படுகிறது என்பது வேறு. படகுப் பாதைகளை அது அடைப்பது நின்றபாடில்லை. உறிஞ்சுவாய் மீனும் தென் அமெரிக்காவினது. முழங்கை நீளம் வளர்ந்து, கரையில் வளை தோண்டி முட்டையிடும். அதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். வெட்டிய செடிகளை மொட்டை மாடியில் பரப்பி, இரண்டு மூன்று வெயிலில் சருகாகக் காய விடுங்கள். ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளும் அதில் காய்ந்துவிடும். பிறகு ரோஜாச் செடிக்கு உரமாகப் போடலாம்.