வேலை நேரத்தைக் குறைத்தால் முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா?

சம்பளத்தைத் தொடாமல் வாரத்துக்கு 30 மணி நேரம் என்றால் முதலாளிக்குக் கையைக் கடிக்காதா என்பது கேள்வி. தொழிலைப் பொறுத்தது.

ஸ்வீடனில் கோதன்பர்க் நகராட்சி 2015-இல் ஸ்வார்ட்டெடாலென் முதியோர் இல்லத்துச் செவிலியர்களுக்குத் தினம் ஆறு மணி நேர வேலை கொடுத்துப் பார்த்தது. நோய் விடுப்பு குறைந்தது, கவனிப்பும் கூடியது. ஆனால் ராப்பகலாக ஆள் நிற்க வேண்டிய இடமாயிற்றே! குறைந்த மணிகளை ஈடுகட்ட 17 பேரைப் புதிதாக எடுத்தார்கள்; செலவு சுமார் 1.2 கோடி குரோனா. ஆபீஸ் என்றால் நாலு மீட்டிங்கை வெட்டிச் சமாளிக்கலாம். பாட்டியைக் குளிப்பாட்டுவதை அவசரப்படுத்த முடியுமா?

அதே ஊரில் டொயோட்டா சர்வீஸ் சென்டர் கெட்டிக்காரத்தனமாக ஆறு மணி நேர ஷிஃப்டுகளாகப் பிரித்தது. பட்டறை கூடுதல் நேரம் திறந்திருந்தது, காரைத் தூக்கும் லிஃப்டும் கருவிகளும் சும்மா கிடக்கவில்லை. லாபம் ஏறியது.