பெர்ம் தேதி என்ன? – கடிதம்

அன்புள்ள அக்கா,

சென்னையில் ஒன்பது வருடம் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியராக இருந்தேன். இப்போது டாலஸில், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் மூன்றாவது வருடம். வேலைக்குப் போக முடியாது. கணவரைக் கேட்டால் ‘கிரீன் கார்டு வேலை நடக்கிறது, கொஞ்சம் பொறு’ என்கிறார். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கடன் வாங்கி இங்கே எம்.எஸ். படிக்கலாமா, ஈ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டை வரும்வரை காத்திருக்கலாமா? கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் மேனேஜர் ஆகிவிட்டார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்பது வருடம் தூணுக்கும் உத்தரத்துக்கும் பாரம் கணக்குப் போட்ட மூளையைச் சும்மா இரு என்றால் அது ராத்திரியில் விழித்துக்கொள்ளத்தான் செய்யும். உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. மற்றவர்கள் மேனேஜர் ஆன கதையை விடுங்கள், லிங்க்ட்இன்னைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் என் பெரியம்மாவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலூரில் நர்சிங் படித்தவர், எழுபதுகளில் சிகாகோ போனார். 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றியபிறகு நம் டாக்டர்களும் என்ஜினியர்களும் போனதை எல்லோரும் சொல்வார்கள். நர்ஸுகளும் போனார்கள், கேரளத்திலிருந்து ஏராளமாக, நம் பக்கத்திலிருந்தும். பெரியம்மாவின் வேலைக்குக் கிடைத்த கிரீன் கார்டில்தான் பெரியப்பா பின்னால் போய்ச் சேர்ந்தார். போனதும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், நீ வேலை செய்யக் கூடாது என்று அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. பெரியம்மா நைட் ஷிப்ட் முடித்து வந்து, வெள்ளை ஷூவைக் கழற்றிப்போட்டு, வீங்கின கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே ஊருக்கு அனுப்பவேண்டிய டிராஃப்டுக்குக் கணக்கு எழுதுவாராம். அந்தப் பணத்தில் இரண்டு சித்தப்பாக்கள் படித்தார்கள், ஊரில் வீடு எழும்பியது. வாசல் கல்லில் பெரியப்பா பெயர். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ‘அண்ணன் அமெரிக்கா போனப்போ’ என்றுதான் கதை ஆரம்பிக்கும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விசா யார் பெயரில் வந்தாலும் கதை ஆணுடையதாகிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் சட்டமும் சேர்ந்துகொண்டது. ஹெச்1பி என்கிற வேலை விசாவில் வந்தவர்களின் துணைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. கிரீன் கார்டிலோ ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு, அதனால் இந்தியர்களின் வரிசை வருடக்கணக்கில் நகராது. 2015இல்தான் ஒரு கதவு திறந்தது: கணவருக்காகக் கம்பெனி போடும் ஐ-140 என்கிற கிரீன் கார்டு மனு அங்கீகாரம் ஆகியிருந்தால், அல்லது கிரீன் கார்டு நடைமுறையைக் காட்டி ஆறு வருடத்துக்கு மேல் ஹெச்1பி நீட்டிப்பு வாங்கியிருந்தால், மனைவி ஈ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கதவையும் சாத்த வழக்கு போட்டார்கள், பல வருடம் இழுத்தது.

சரி, இப்போது திட்டப்போகிறேன். ‘அதெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்’ என்று எப்படி எழுதினீர்கள்? மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் ஒரு அஸ்திவாரத்துக்காவது கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? உங்கள் வேலை மொத்தமும் அந்த ஐ-140 என்கிற ஒரு காகிதத்தில் தொங்குகிறது. ஐ-140க்கு முந்தைய படியான பெர்ம், அதாவது அந்த வேலைக்கு உள்ளூரில் தகுந்த ஆள் இல்லை என்று தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று, அதற்குக் கம்பெனி விண்ணப்பம் போட்டுவிட்டதா, எந்தத் தேதியில்? ஐ-140 போனதா, அங்கீகாரமானதா? ஒருவேளை அவர் இன்னும் கம்பெனியிடம் வாய்திறந்து கேட்கவே இல்லையா? கேட்கத் தயங்கி வருடங்களைத் தள்ளும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கெட்டவர்கள் இல்லை, அவர்கள் சம்பளம்தான் மாதாமாதம் வந்துவிடுகிறதே, அவசரம் உறைப்பதில்லை. ஐ-140 ஆவதற்கு முன்னால் அவர் வேறு கம்பெனிக்குத் தாவினால் பெர்மிலிருந்து மறுபடி ஆரம்பம், அங்கீகாரமாகி 180 நாள் தாண்டிவிட்டால் பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் உங்கள் ஈ.ஏ.டி. தகுதிக்குப் பாதகமில்லை. அப்படியானால் அவர் எப்போது வேலை மாறுகிறார் என்பது உங்கள் வேலையைப் பற்றிய முடிவும்தானே? அந்தப் பேச்சில் நீங்கள் இருந்தீர்களா? அவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம், அதில் நீங்களும் அடக்கம். ஈ.ஏ.டி. வந்தபிறகும் தூங்கிவிட முடியாது. 2025 அக்டோபர் 30 முதல் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு போய்விட்டது, பழைய கார்டு முடிவதற்குள் புதியது வராவிட்டால் அன்றோடு வேலையை நிறுத்த வேண்டும். அதனால் கார்டு முடிய 180 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க அனுப்பிவிட வேண்டும். இந்தத் தேதிகளை எல்லாம் உங்கள் கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு காகிதத்தின் நகலும் உங்கள் ஃபைலில் இருக்கட்டும். கணவர் மேல் சந்தேகம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

எம்.எஸ். பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐ-140க்கு இன்னும் நாலு வருடம் என்றால் படிப்பதில் அர்த்தம் உண்டு, நாலு மாதம் என்றால் அந்தக் கடன் எதற்கு? அது தெரியாமல் நான் என்ன பதில் சொல்ல? இன்றைக்குச் சாப்பிடும்போதே அவரிடம் கேளுங்கள். பெர்ம் தேதியோடு எனக்கு எழுதுங்கள், அப்புறம் பல்கலைக்கழகம், செலவு எல்லாம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா