வாசகர் கேள்விகள்: வயல் நடுவே நீலத் துணி எதற்கு?

(சினிமா விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலை பற்றி எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வண்ணாமடைக்காரரான ஒரு விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசரின் பதில்கள்.)

எங்கள் வயல் பக்கம் ஷூட்டிங் நடந்தது. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ஒருவர் பளபளவென்று ஓர் உருண்டையைக் கம்பில் செருகி, கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். திருஷ்டி கழிக்கிறார்கள் என்று என் மாமியார் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (வாசகி, கொல்லங்கோடு)

பார்க்க அப்படித்தான் இருக்கும், மாமியாரைக் குறை சொல்ல முடியாது. அவர் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர், அல்லது அவருடைய அசிஸ்டண்ட். அந்தப் பளபள உருண்டையில் சுற்றுப்புறம் மொத்தமும் தெரியும்: சூரியன் எந்தப் பக்கம், லைட்மேன் தெர்மாகோல் பிடித்த இடம் எது, மேகம் எவ்வளவு. கூடவே சாம்பல் நிற உருண்டை ஒன்றையும் காட்டியிருப்பார். வெளிச்சம் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது, நிழல் பக்கம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். உங்கள் வயலில் நின்றால் நிழலில்கூட லேசாகப் பச்சை அடிக்கும். பின்னால் அதே இடத்தில் கம்ப்யூட்டரில் செய்த ஒரு யானையை நிறுத்தினால் அதே வெளிச்சமும் அதே பச்சையும் அதன் மேலும் விழ வேண்டும், இல்லையென்றால் வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும்.

இதையே இன்னும் துல்லியமாகச் செய்ய, ஃபிஷ்ஐ லென்ஸ் போட்ட ஸ்டில் கேமராவை யானை நிற்கப்போகிற இடத்தில் வைத்து, ஒவ்வொரு திசையிலும் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைத்துப் படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே படமாக இணைப்பார்கள். எச்டிஆர்ஐ என்று பெயர். ஷாட் முடிந்த கையோடு எடுத்தாக வேண்டும், மேகம் நகர்ந்துவிட்டால் வெளிச்சம் வேறு. யூனிட் மொத்தமும் அடுத்த செட்டப்புக்கு ஓடும்போது "சேட்டா, ஒரு நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டு நிற்பது இந்த வேலையில் பாதி. மீதி, குறிப்பெடுப்பது. என்ன லென்ஸ், கேமரா தரையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு சாய்வு, நடிகர் எவ்வளவு தூரம், எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். அப்புறம் கிளீன் பிளேட்: நடிகர்கள் இல்லாமல் அதே ஃபிரேமைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுப்பது. பின்னால் கயிற்றையோ ஆளையோ அழித்தால் அந்த ஓட்டையை நிரப்ப அது வேண்டும்.

கிரீன் மேட் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே நீலத் துணி கட்டியிருந்தார்களே, ஏன்? (கல்லூரி மாணவர், சித்தூர்)

மேட் என்பது, பின்னால் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டு அங்கே வேறு காட்சியை வைப்பதற்காக ஒரே நிறத்தில் கட்டுகிற துணி. நெல் வயலில் பச்சைத் துணியைக் கட்டிவிட்டு, "பச்சையாக இருப்பதையெல்லாம் எடுத்துவிடு" என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் துணியோடு சேர்ந்து நாற்றும் போய்விடும். காரணம் அவ்வளவுதான். மற்றபடி பச்சைக்கு ஒரு சௌகரியம் உண்டு. பெரும்பாலான டிஜிட்டல் கேமரா சென்சாரில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்ற கணக்கு, அதனால் பச்சையில் தகவல் அதிகம், புள்ளி புள்ளியாக இரைச்சல் குறைவு. நீலத்தில் இரைச்சல் கூடும், வெளிச்சமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆனாலும் நம் பக்கத்து வயலிலும் தோப்பிலும் நான் நீலம்தான் கேட்பேன். நாயகன் நீல லுங்கியில் வராமல் இருந்தால் சரி, அதைக் காஸ்ட்யூம்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நிறத்தைவிடப் பெரிய தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனி ஆடியில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். இருபதடிக்கு இருபதடி துணியைச் சட்டத்தில் கட்டினால் அது பாய்மரம். எத்தனை மணல் மூட்டை போட்டாலும் துணி அலையும், அலைந்தால் சுருக்கம் விழும், சுருக்கத்தில் நிழல் விழும், அந்த நிழல் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும், ஒரு ஃபிரேமுக்குச் சரியாக வந்த கீ (துணி நிறத்தை நீக்கி ஆளைப் பிரிப்பது) அடுத்ததில் கிழிந்துபோகும். அதோடு, கேமரா எப்படி நகர்ந்தது என்று கண்டுபிடிக்க மேட்டின் மேல் ஒட்டுகிற டேப் அடையாளம் எல்லாம் துணியோடு ஆடினால் பயனே இல்லை, ஏனென்றால் அவை அசையாமல் நிற்கின்றன என்று நம்பித்தான் மேட்ச்மூவ் கணக்குப் போடுகிறது. அதனால் அந்த அடையாளங்களைத் தனி ஸ்டாண்டில், தரையில் ஊன்றி வைக்கச் சொல்வேன். சில வைட் ஷாட்டுகளில் மேட்டே வேண்டாம் என்றுவிடுவேன். கிரேனும் ஆளும் நேரமும் சேர்த்துப் பார்த்தால், ஆளை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து பிரிக்கிற ரோட்டோ மலிவாக முடியும்.

பையன் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறான். ஆறு மாத கோர்ஸ் படித்தால் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் ஆகலாம் என்று ஓர் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லி, பெரிய தொகை கேட்கிறார்கள். சேர்க்கலாமா? (ஒரு தகப்பனார், கொழிஞ்சாம்பாறை)

வேண்டாங்கய்யா. ஆறு மாதத்தில் சாஃப்ட்வேர் பட்டன்கள் பழகலாம். சூப்பர்வைசர் என்பது ரோட்டோ, பெயிண்ட் (ஃபிரேமில் வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் என்று அடியிலிருந்து ஏறி, பல வருஷம் காம்ப்பிலோ (தனித்தனிப் படங்களை ஒரே ஷாட்டாக இணைப்பது) லைட்டிங்கிலோ உட்கார்ந்து, யாரோ தளத்தில் எடுக்காமல் விட்ட கிளீன் பிளேட்டுக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்தவனுக்கு வருகிற பொறுப்பு. ஆர்வம் உண்மைதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிளெண்டர் என்ற சாஃப்ட்வேர் இலவசம், இணைப்பு வேலைக்கான நியூக் என்ற சாஃப்ட்வேரிலும் பழகுவதற்கென்று காசில்லாத பதிப்பு இருக்கிறது. வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டு, போனில் எடுத்த வீடியோவில் உங்கள் வாசல் திண்ணையின் மேல் ஒரு குடத்தை, இல்லாத குடத்தை, நிழலோடு உட்கார வைக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் அதையே நோண்டிக்கொண்டிருந்தால் பணத்தைப் பற்றி யோசிக்கலாம். ஏஐ வந்து ரோட்டோ மாதிரியான வேலைகளை ஓரளவு வாங்கிக்கொள்கிறது, அதையும் மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள். அடிமட்ட வேலை குறைந்தால் புதியவர்கள் எங்கே கற்றுக்கொள்வார்கள் என்ற கவலை எனக்கும் இருக்கிறது.

மச்சினன் படம் எடுக்கிறான், நான் கொஞ்சம் பணம் போடுகிறேன். ஒரு கிராபிக்ஸ் ஷாட்டுக்கு எவ்வளவு ஆகும்? (தென்னந்தோப்புக்காரர், வேலந்தாவளம்)

எந்த ஷாட் என்று தெரியாமல் விலை சொல்கிறவரை நம்பாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம், ஐந்து நொடி என்றால் 120. கேமரா ஸ்டாண்டில் நிற்கிறதா, கையில் ஆடுகிறதா? தலைமுடி பறக்கிறதா? கம்ப்யூட்டர் உருவத்தை நடிகர் தொடுகிறாரா, தண்ணீர் இருக்கிறதா? இவைதான் விலையை ஏற்றும். அதற்கும் மேலே ஏற்றுவது மனசு மாறுவது. எடிட்டிங் முடியாமல் வேலையைக் கொடுத்துவிட்டு, பாதியில் அந்த ஷாட்டே வேண்டாம் என்றால் செய்தவருக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். மச்சினனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், கதையை சூப்பர்வைசர் படித்துவிட்டாரா என்று. "எடுத்துட்டு வர்றோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் பணத்தைத் தோப்பிலேயே போடுங்கள். படித்துவிட்டு "இந்தப் பத்து ஷாட்டுக்கு கிராபிக்ஸே வேண்டாம், இப்படி எடுத்துவிடலாம்" என்று சொல்கிற ஆள் கிடைத்தால், அவருக்குக் கொடுக்கிற சம்பளம் அந்தப் பத்திலேயே திரும்பிவிடும்.

ரேக்ளா பந்தயத்தை வைத்துக் குறும்படம் எடுக்கிறோம். காளைகளை கிராபிக்ஸில் செய்யலாமா? (இளைஞர்கள், மீனாட்சிபுரம்)

செய்யலாம், உங்கள் பட்ஜெட்டில் வேண்டாம். ரோமம், தோலுக்கடியில் அசைகிற தசை, குளம்பு மண்ணில் அழுந்துவது என்று எல்லாமே கடினம், அதிலும் தினமும் மாட்டைப் பார்க்கிற ஊரில் போட்டுக்காட்டினால் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அசல் காளை என்றால், படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த 2001ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் போக வேண்டும், 2011இல் காளைக்குத் தனிக் கட்டுப்பாடும் வந்தது. தேதி குறிப்பதற்கு முன்பே விவரம் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால் காளைகளை மெதுவாக நடத்தி அருகில் எடுங்கள். வேகத்தை சக்கரத்தின் குளோசப், ஓட்டுபவரின் முகம், வெறும் வண்டியில் ஆட்டிக்கொண்டு எடுத்த ஷாட், சத்தம் இவற்றில் கொண்டுவாருங்கள். கூட்டத்தை மட்டும் கம்ப்யூட்டரில் பெருக்கலாம்: கேமராவை அசைக்காமல், அதே முப்பது பேரைச் சட்டை மாற்றி இடம் மாற்றி நிறுத்தி நாலைந்து தடவை எடுத்து ஒட்டினால் போதும். சூரியன் நகர்வதற்குள் எடுத்து முடித்துவிடுங்கள், நிழல் மாறினால் ஒட்டாது.