மூணு பேர் இருக்கோம், என்ன ஆடலாம்?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. போர்டு கேம்தான். ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. புதிதாக வருகிறவர்கள் ஆட உட்காரும் முன் நிறையக் கேட்பார்கள். போன மாதம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும், பேச்சுவாக்கில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சர்ஜாபூர் ரோட்டுத் தம்பி: அக்கா, முதல் கேம் எது வாங்கலாம்? எல்லாரும் கட்டான்னு சொல்றாங்க.

வீட்டில் யார் யார் உட்காருவீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கட்டான் நல்ல கேம்தான். கிளவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 1995-இல் வந்தது. மனுஷர் பல் செட் செய்யும் தொழிலில் இருந்தவர். ஆனால் அதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதுவும் பேரம் பேசக் கூச்சப்படாத மூன்று பேர். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் அந்த டப்பா பரணுக்குத்தான் போகும். இரண்டு பேருக்குக் கார்கசோன் பாருங்கள். 72 அட்டைச் சதுரங்கள். ஒன்றை எடுத்து, கோட்டையோடு கோட்டையும் சாலையோடு சாலையும் சேருகிற மாதிரி ஒட்டி வைக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்குவார்கள் என்றால் டிக்கெட் டு ரைடு. தட்கல் போட்டுப் பழகின குடும்பத்துக்கு ரயில், ரூட், டிக்கெட்டெல்லாம் விளக்கவே வேண்டாம். என் மாமனாருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குறி போட்டிருப்பதால் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குத்தான் தொந்தரவு. நான் போகிற வழியை மோப்பம் பிடித்துக் குறுக்கே ஒரே ஒரு ரயிலை வைத்துவிட்டு, காபி கேட்பார்.

மாரத்தஹள்ளியிலிருந்து வரும் தங்கை: கட்டான்ல 8-ஆம் நம்பர் பக்கத்துல ரெண்டு வீடு கட்டினேன். பன்னெண்டு தடவை உருட்டியும் 8 விழல. டைஸ்ல கோளாறா?

டைஸ் பாவம், விட்டுவிடுங்கள். (கட்டான் ஆடாதவர்களுக்கு: இரண்டு டைஸ் உருட்டி, விழுந்த எண்ணை ஒட்டி வீடு இருந்தால்தான் வரும்படி.) இரண்டு டைஸ் விழக்கூடிய விதங்கள் 36. அதில் 8 வருவது ஐந்து விதம்: 2-6, 6-2, 3-5, 5-3, 4-4. மீதி 31 விதத்தில் வராது. பன்னிரண்டு தடவை தொடர்ந்து 8 விழாமல் போவது கிட்டத்தட்ட ஆறில் ஒரு முறை நடக்கக்கூடியதுதான். அதாவது ஒரே ஒரு டைஸில் 1 விழுகிற அளவுக்குச் சாதாரணம்.

தப்பு எங்கே என்றால், இரண்டு வீட்டையும் ஒரே எண்ணை நம்பிக் கட்டியதில். ஒரு வீட்டை 8-இலும் இன்னொன்றை 5, 9 சேருகிற முனையிலும் வைத்திருந்தால் 5+4+4, பதின்மூன்று விதம் உங்களுடையது. போர்டில் எண்ணுக்குக் கீழே போட்டிருக்கும் புள்ளிகள் அழகுக்கு இல்லை. எத்தனை விதத்தில் விழும் என்கிற கணக்கு அதுதான். தாயக்கட்டையை உள்ளங்கையில் ஊதிவிட்டு உருட்டிய பரம்பரை நாம், புள்ளியை எண்ண மனசு வராது. நானும் இன்னும் ஊதுகிறேன்.

ஜெயநகர் சார் ஒருவர்: எங்க வீட்ல மோனோபோலி ஆரம்பிச்சா முடியறதே இல்லையே?

விதிப் புத்தகத்தை ஒரு தடவை படியுங்கள் சார். நின்ற இடத்தை ஒருவர் வாங்காவிட்டால் அப்போதே ஏலம் விட வேண்டும். ஃப்ரீ பார்க்கிங் கட்டத்தில் நின்றால் பணம் கிடையாது. இந்த இரண்டையும் மாற்றி ஆடினால் விடிய விடிய ஆடலாம்.

ஹொரமாவு தம்பி: மழைக்காலத்துல கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளையுது, என்ன பண்றது?

வெளிச்சுவரை ஒட்டின அலமாரியில் வைக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. டப்பாவுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். அடிக்கடி ஆடுகிற கேமுக்கு மட்டும் ஸ்லீவ், அதாவது கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை, போட்டால் போதும். வாங்கும் முன் கார்டை ஸ்கேல் வைத்து அளங்கள். சீட்டுக்கட்டு மாதிரி இருப்பவை 63.5-க்கு 88 மில்லிமீட்டர், கட்டான் கார்டு 54-க்கு 80. நான் அளக்காமல் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஐந்து பாக்கெட் வாங்கினேன். கார்டு உள்ளே கொலுசு மாதிரி ஆடுகிறது. இன்னொன்று, எல்லாக் கார்டுக்கும் ஸ்லீவ் போட்டால் கட்டு தடித்து டப்பா மூடி மூடாது.

மழையைவிடப் பெரிய எதிரி பஜ்ஜி. எங்கள் மேசைக்கு எண்ணெய்ப் பண்டம் வராது. மிக்சர் வரும், ஆனால் ஸ்பூனோடு. முதல் தடவை வருகிறவர்கள் சிரிப்பார்கள், இரண்டாம் தடவை அவர்களே ஸ்பூன் கேட்பார்கள்.

ராமமூர்த்தி நகர் அம்மா ஒருவர்: எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. கோட்நேம்ஸ் ஆட முடியுமா?

தமிழில் ஆடுங்கள் அம்மா. இங்கிலீஷைவிட நன்றாக இருக்கிறது, சத்தியமாக. 25 வார்த்தைகளை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்புகிறோம். ஆரம்பிக்கிற அணிக்கு 9, எதிரணிக்கு 8, யாருக்கும் சேராதது 7, தொட்டால் ஆட்டமே போச்சு என்கிற கறுப்பு வார்த்தை 1. எது யாருடையது என்று அணித் தலைவர்களுக்கு மட்டும்தான் தெரியும். தலைவர் துப்பாக ஒரே ஒரு வார்த்தையும், எத்தனை வார்த்தைக்கு அது பொருந்தும் என்கிற எண்ணும் மட்டும் சொல்லலாம். அதை வைத்து அணி கண்டுபிடிக்க வேண்டும்.

ஆபீஸில் வேலை மாறிப்போனவர்களின் விசிட்டிங் கார்டு கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதன் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் தமிழ் வார்த்தைகள் எழுதினோம். ஒன்றுக்கு மேல் அர்த்தம் இருக்கும் வார்த்தையாகப் பொறுக்கினோம்: திங்கள், நூல், மாலை, படி, மணி, ஆறு, கால், வேங்கை. போன மாதம் என் பெண், "கோவில், மூன்று" என்றாள். மாலை தொட்டார்கள், சரி. மணி, சரி. மூன்றாவதற்கு அவள் நினைத்திருந்தது படி. அவள் அணியில் இருந்த மதுரைப் பையன் ஆறைத் தொட்டுவிட்டான். கறுப்பு! "படிதான் கண் முன்னாடி இருக்கே, எதுக்குடா ஆறு?" என்று இவள் கத்த, "முருகனுக்கு ஆறு படைவீடு, நான் வேற எதை நினைப்பேன்?" என்றான் அவன். வைகை என்றிருந்தாலாவது புரிந்திருக்கும். அந்தச் சண்டை மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போனது.

அதே அம்மா: பக்கத்து வீடு கன்னடக்காரங்க. அவங்களோட?

சௌகாபாரா தெரியுமா என்று கேளுங்கள், பாட்டி யாராவது இருந்தால் முகம் மலர்ந்துவிடும். நம்ம தாயத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஐந்துக்கு ஐந்து கட்டம், நாலு சோழி. நாலும் மல்லாந்தால் 4, நாலும் கவிழ்ந்தால் 8, இரண்டுக்கும் மறு ஆட்டம். சாக்பீஸும் தரையும் போதும்.

பானசவாடி தம்பி: கார்கசோன்ல மஞ்சள் ஆள் காய் ஒண்ணு காணாமப்போச்சு. புதுசா முழு செட் வாங்கணுமா?

சென்னபட்டணா போயிருக்கிறீர்களா? மைசூர் போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டர். மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர். எங்கள் செட்டிலும் ஒரு ஆள் தொலைந்தபோது, மிச்சமிருந்த மஞ்சள் ஆளை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைசல் பட்டறைப் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தட்டை. என் மெஷினில் உருண்டைதான் வரும்" என்றார். சரி, உருண்டையாகவே கொடுங்கள் என்றேன்.

வெட்பாலை மரம், பால் வெள்ளை. சுற்றுகிற கட்டையில் மஞ்சள் அரக்குக் குச்சியை அழுத்தினார். உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிட்டது. அதன் மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் பளபளவென்று ஆனது. இரண்டு நிமிஷ வேலை. தலையும் தொப்பையுமாக ஒரு ஆள்! மற்ற ஆட்கள் எல்லாம் ஜெர்மனி, இவர் மட்டும் சென்னபட்டணா. மஞ்சள் எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் இவரைத்தான் இறக்குகிறார்கள்.

அல்சூர்ப் பக்கத்துத் தெருத் தங்கை: பேண்டெமிக் ஆடினா எங்க அண்ணனே எல்லார் ஆட்டத்தையும் ஆடிடறார்.

எல்லாரும் ஒரே அணி என்கிற கேமில் இது வருகிற வியாதிதான். ஹனாபி வாங்கிக் கொடுங்கள். அதில் உன் கார்டு உனக்கே தெரியாது, முதுகை உன் பக்கமும் முகத்தை மற்றவர் பக்கமும் காட்டிப் பிடிக்க வேண்டும். துப்புச் சொல்லவும் அளவு உண்டு. அண்ணன் வாயைக் கட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

பெயர் சொல்லாதவர்: மொத்தம் எத்தனை கேம் இருக்கு உங்ககிட்ட?

அறுபத்து நாலு. பதினொன்று இன்னும் கவர் பிரிக்கவில்லை, வீட்டுக்காரருக்கு ஏழு என்று சொல்லியிருக்கிறேன். பிரிக்காததில் ஒன்றுக்கு ஐந்து பேர் வேண்டும், வரும் ஞாயிறு நாங்கள் நாலு பேர்தான். நீங்கள் சும்மா இருந்தால் மூணு மணிக்கு வாருங்கள். ஸ்பூன் இங்கேயே இருக்கு.